விளக்கு பளிச்சென்று எரிந்தால் சந்தோஷப்படாதீர்கள்!

எங்கள் வத்தல்மலையில் பங்குனி மாதம் ஒரு நல்ல மழை விழுந்தால் போதும், காப்பிச் செடியெல்லாம் மல்லிகைப் பந்தல் மாதிரி வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அந்த மழைக்காகவே காத்துக்கிடப்போம். ஆனால் அது சும்மா வராதே! இடி, மின்னல், பேய்க்காற்று எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். போன வருஷம் வந்த மழை எங்கள் வீட்டு டி.வி.யையும், பிரிட்ஜையும், மூன்று பல்புகளையும் கொண்டு போய்விட்டது. அதோடு விட்டிருந்தால், 'பணத்தோடு போச்சு' என்று இருந்திருப்பேன். கொஞ்சம் அசந்திருந்தால் என் மகனையே பறிகொடுத்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நான் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். மாமியார் டி.வி. முன்னால். எங்கள் வீட்டுக்காரர் வெளியே காயப்போட்டிருந்த மிளகை மூட ஓடியிருந்தார். காற்று சுழற்றி அடித்தது. எங்கோ மரம் முறிகிற சத்தம். உடனே வீட்டில் இருந்த விளக்கெல்லாம் பட்டப்பகல் மாதிரி பளிச்சென்று எரிந்தன.

"கரெண்ட் இன்னிக்கு நல்லா வருது கண்ணு!" என்றார் அத்தை. எனக்கும் சந்தோஷம்தான். எப்போதும் மினுக் மினுக்கென்று எரிகிற விளக்காயிற்றே! அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. 'டப்' என்று ஒரு பல்பு போயிற்று. அடுத்தது இன்னொன்று. டி.வி.க்குப் பின்னாலிருந்து வெள்ளைப் புகை. பிரிட்ஜ் உறுமிவிட்டு அடங்கியது. வீடு முழுக்கத் தீய்ந்த வாடை.

"மெயினை அமத்து!" என்று வாசலிலிருந்தே கத்தினார் அவர். ஓடிப்போய் அமர்த்தினேன்.

இனிமேல்தான் ஆபத்து வந்தது. பத்தாவது படிக்கிற என் மகன், "பியூஸ்தாம்மா போயிருக்கும், நான் பாக்கறேன்" என்று டார்ச்சை வைத்துக்கொண்டு டி.வி.யின் பின்பக்க மூடியைக் கழற்றிவிட்டான். ப்ளக் சுவரிலேயே இருக்கிறது. அவன் கை உள்ளே. அது தெரியாமல் இவர், 'பல்பு மட்டும்தான் போச்சா, பார்ப்போமே' என்று மெயினில் கை வைக்கிறார். நான் எதேச்சையாகத் திரும்பிப் பார்த்தேன். "போடாதீங்க!" என்று நான் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரை கேட்டதாம். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

ஏன் இப்படி ஆகிறது?

வேடிக்கை என்னவென்றால், அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு விளக்கு அரிக்கேன் மாதிரி மங்கிப்போயிற்று. பொருள் ஒன்றும் கெடவில்லை! "எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று மறுநாள் வந்த லைன்மேன் தம்பியிடம் கேட்டேன். சில்வர் ஓக் கிளை விழுந்து ந்யூட்ரல் கம்பி அறுந்துவிட்டது என்றார்.

தெருக் கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு ந்யூட்ரல் கம்பியும் போகின்றன. ஒரு பேஸுக்கும் ந்யூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். அதுதான் நம் வீட்டுக்கு வருகிறது. இரண்டு பேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட் இருக்கும். ந்யூட்ரல் என்பது தராசின் நடு முள் மாதிரி. அது அறுந்தால், வெவ்வேறு பேஸில் இருக்கிற இரண்டு வீடுகளும் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். கிரைண்டர், மோட்டார் என்று அதிகம் இழுக்கிற வீட்டுக்குக் குறைவான வோல்ட்டேஜ் போகும். இரண்டு விளக்கும் ஒரு டி.வி.யுமாக இருக்கிற வீட்டுக்கு அதிகம் வந்து சேரும். சிக்கனமாக இருந்த எங்கள் வீட்டில் பொருள் போன கதை இதுதான்!

மின்னலின் கதை வேறு. அது நேராக நம் வீட்டில் விழவேண்டும் என்பதில்லை. தூரத்தில் கம்பியிலோ கம்பத்திலோ விழுந்தாலும் ஒரு கண்ணிமைப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடி வரும். சுவிட்சை அணைத்து வைத்தாலும், அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடும். ஆகவே இடி இடிக்க ஆரம்பிக்கும் முன்பே ப்ளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் வழி. டி.வி.க்கு வருகிற டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு ப்ளக்கைத் தொடப் போகாதீர்கள். பொருள் போனால் போகட்டும். நம் நாட்டில் ஆண்டுக்கு 2000 பேருக்கு மேல் மின்னலால் இறக்கிறார்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

1. விளக்கு அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தாலோ, ஒன்று மங்கி ஒன்று பிரகாசமாக எரிந்தாலோ உடனே மெயினை அணையுங்கள்.

2. எல்லா ப்ளக்கையும் பிடுங்குங்கள். மெயினைத் தொடப்போகிறவர் வீட்டிலுள்ளவர்களுக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் தொடவேண்டும்.

3. புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த மணலைப் போடலாம்.

4. கெட்ட பொருளை 'ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று போடாதீர்கள். கெடாததும் கெடும்.

5. பின்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கெபாசிட்டர் என்று ஒன்று உண்டு. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அது மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

6. அறுந்து கிடக்கிற கம்பியின் பக்கம் யாரையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் எங்கிருந்தும் மின் புகார் சொல்ல 2021-ல் தொடங்கிய 'மின்னகம்' இருக்கிறது. எண் 94987 94987.

பிரிட்ஜில் இருந்த மருந்து

அன்று ராத்திரி என்னை வாட்டியது பால் அல்ல. அத்தைக்குப் போடுகிற இன்சுலின்! பிரிட்ஜ் போய்விட்டதே, மருந்து கெட்டுவிடுமே என்று பயந்துபோனேன். மறுநாள் எங்கள் பக்கத்து நர்சம்மாவிடம் கேட்டேன். உடைக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உபயோகத்தில் உள்ள குப்பியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம், மருந்து உறையில் போட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவே சின்னச் சட்டி வைத்து, அதில் மருந்தைப் பையில் கட்டி வைத்தேன். உடைக்காத குப்பியைப் பிரிட்ஜ் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்தேன். ஐஸ் பெட்டிக்குள் மட்டும் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் உதவாது.

மூடியே வைத்த பிரிட்ஜில் சுமார் நாலு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அடிக்கடி திறந்து பார்க்காமல் இருந்தாலே போதும்.

ரிப்பேர் கடையில்

டி.வி.யைப் போர்வையில் சுற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு தர்மபுரிக்கு இறங்கினோம். முதல் கடையில் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாம் போச்சும்மா, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். மனசு கேட்கவில்லை. இன்னொரு கடைக்காரர் எங்கள் கண் முன்னால் திறந்து காட்டினார். பியூஸ் கறுத்திருந்தது. அதிக வோல்ட்டேஜைத் தன் மேல் வாங்கிக்கொள்கிற நாணயம் போன்ற சின்ன வில்லை வெடித்திருந்தது. கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. திரைக்கு ஒன்றும் இல்லை! 1400 ரூபாயில் டி.வி. பிழைத்தது. பிரிட்ஜுக்குக் கம்ப்ரசரே போய்விட்டதால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ப்ளக்கில் மாட்டாமல் வைத்திருந்த அரசாங்க மிக்ஸி மட்டும் ஒன்றும் ஆகாமல் தப்பித்தது!

ஆகவே சகோதரிகளே, இரண்டு இடத்தில் விசாரியுங்கள். என்ன போயிற்று என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசீதோடு, நடந்த தேதி, நேரம், கெட்ட பொருள்களின் பட்டியலைச் சேர்த்து உங்கள் பகுதி மின் அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உண்டு. அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

2006 முதல் அரசு கொடுத்த பழைய குண்டு டி.வி. கெட்டுப்போய்ப் பரணில் கிடந்தால், அதைக் குழந்தைகள் உடைத்து விளையாட விடாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வருமுன் காப்போம்

பிரிட்ஜுக்கு, அதிக வோல்ட்டேஜ் வந்தால் தானே துண்டிக்கிற ஸ்டெபிலைசர் போடுங்கள். மெயின் போர்டிலேயே அதிக வோல்ட்டேஜில் துண்டிக்கிற கருவியும் கிடைக்கிறது. ஷாக் அடித்தால் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. உயிரைக் காப்பாற்றும், அவசியம் வேண்டும்; ஆனால் அது டி.வி.யைக் காப்பாற்றாது. மின்னலுக்கான தடுப்புக் கருவி எதுவானாலும் நல்ல எர்த் இருந்தால்தான் வேலை செய்யும். எங்களைப் போல் பாறைப் பூமியில் இருப்பவர்கள் எர்த் குழியைத் தெரிந்த வயர்மேனிடம் காட்டிச் சோதித்துவிட்டு, கோடையில் அதில் தண்ணீர் ஊற்றி வரவேண்டும்.

இந்த வருஷமும் பங்குனி மழை வந்தது. முதல் இடி கேட்கும் முன்பே என் மகன் வீடெல்லாம் ஓடி ப்ளக்குகளைப் பிடுங்கினான். "பாட்டி, சீரியல் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான். அத்தை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். சில நாள் கழித்து ஒரு காலையில் காப்பிப் பூ வாசனை வீட்டுக்குள் நிறைந்திருந்தது. போன வருஷத் தீய்ந்த வாடை நினைவுக்கு வந்தது. மகன் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.