தபால்காரரின் இசைத்தட்டு

அமெரிக்காவிலே சிக்காகோ நகரத்தை ஒட்டி மேவுட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1960-களின் கடைசியில் அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஓர் இளைஞர் தோளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகத் தபால் கொடுத்து வந்தார். கை கடிதத்தைக் கொடுக்கும். மனம் பாட்டைக் கட்டும். அதுதான் அவர் வழக்கம்.

குளிர்காலத்தில் அங்கே காற்று ஊசியாகக் குத்தும். தபால் மூட்டைகளைப் பூட்டி வைப்பதற்குத் தெருவோரங்களில் பெரிய இரும்புப் பெட்டிகள் உண்டு. இளைஞர் அந்தப் பெட்டிக்குள் ஒண்டிக்கொண்டு, கொண்டு வந்த ரொட்டியைத் தின்பார். அங்கேயும் பாட்டு யோசனைதான்!

அந்தத் தபால்காரரின் பெயர் ஜான் பிரைன். அப்படி நடந்துகொண்டே கட்டிய பாட்டுகளைக் கொண்டு 1971-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. மொத்தம் 13 பாட்டுகள். தட்டுக்குப் பெயரும் "ஜான் பிரைன்" என்பதுதான்.

அது பிரமாதமாக விற்றதா? இல்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 154-ஆவது இடத்துக்கு மேல் அப்போது அது ஏறவே இல்லை. ஆனால் வாங்கியவர்கள் அதை விடவில்லை. நண்பனுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மற்றப் பாடகர்கள் அந்தப் பாட்டுகளைத் தாங்களும் பாடினார்கள். ஐம்பது வருஷமாக அது கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

"கன்ட்ரி" சங்கீதம் என்று அமெரிக்காவில் ஒன்று உண்டு. கிராமத்து ஜனங்களின் பாட்டு அது. உழுகிறவன், சுரங்கத்தில் இறங்குகிறவன், லாரி ஓட்டுகிறவன், புருஷனோடு மனஸ்தாபப்பட்ட பெண் இவர்களெல்லாம் அதிலே வருவார்கள். பக்கவாத்தியம் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு கிதார் போதும்.

பிரைனுடைய பெற்றோர் கென்டக்கி மாகாணத்துக் கிராமவாசிகள். பிழைப்புக்காகச் சிக்காகோ பக்கம் வந்தவர்கள். தகப்பனார் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி, தொழிற்சங்கத்திலும் முக்கியமானவர். கன்ட்ரி பாட்டு என்றால் அவருக்கு உயிர். பையனுக்கு 14 வயதில் அண்ணன் கிதார் கற்றுக் கொடுத்தார். பிறகு பட்டாளத்துக்கு அழைப்பு வந்தது. அவர் வயதுப் பிள்ளைகள் வியட்நாம் யுத்தத்துக்குப் போனார்கள். இவரை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பி மோட்டார் வண்டிகளைப் பழுது பார்க்க வைத்தார்கள். திரும்பி வந்து தபால் வேலையைத் தொடர்ந்தார்.

மௌனமான சபை

சிக்காகோவில் ஒரு சிறிய மதுக்கடை. மேடையில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம். ஒருநாள் இரவு பிரைன் அங்கே உட்கார்ந்து, பாடியவர்கள் சரியில்லை என்று முணுமுணுத்தார். "அப்படியானால் நீர் ஏறிப் பாடுமே!" என்கிற பாவனையில் யாரோ சீண்டிவிட்டார்கள். ஏறினார். மூன்று பாட்டுப் பாடினார்.

சபையில் கைதட்டல் இல்லை. ஒரே மௌனம். தொலைந்தோம் என்று பிரைன் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கைதட்டல் கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை!

அப்படி என்ன பாட்டு? ஒன்று, "சாம் ஸ்டோன்" என்ற சிப்பாயின் கதை. யுத்தத்தில் காயம் பட்டு, மெடலோடு வீடு திரும்புகிறான். காயத்தின் வலிக்குப் பழகிய போதை மருந்து அவனை விடுவதில்லை. வீட்டுப் பணமெல்லாம் அதற்கே போகிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அவன் அந்த மருந்தாலேயே சாகிறான். வியட்நாமிலிருந்து பிள்ளைகள் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. எத்தனையோ வீடுகளில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்த விஷயத்தை ஒரு தபால்காரர் மேடையேறிச் சொல்லிவிட்டார். சபை மௌனமானதில் ஆச்சரியம் என்ன?

இன்னொன்று கிழவர் கிழவிகளைப் பற்றியது. எனக்குக் கேட்டால் தட்டிலே இதுதான் முதல் பாட்டு என்பேன். பிள்ளைகள் எல்லாம் பிரிந்து போய், பேச விஷயமும் தீர்ந்து, இரண்டு முதியவர்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பிரைன் சிறு வயதில் நண்பனுக்கு ஒத்தாசையாக ஒரு முதியோர் இல்லத்தில் பத்திரிகை போட்டிருக்கிறார். பேப்பர் கொடுக்கப் போன பையனைச் சில முதியவர்கள் பக்கத்து அறைக்காரரிடம் தங்கள் பேரன் என்று காட்டிக்கொள்வார்களாம். பார்க்க வராத பேரனுக்குப் பதில் பேப்பர்காரப் பையன்! அதை அவர் மறக்கவில்லை. இருபதைக் கொஞ்சம் தாண்டிய வயதில் எழுபது வயதின் தனிமையைப் பாடினார்.

உப்பு அதிகமான சோளப்பொரி

1970 அக்டோபரில் ஒரு வேடிக்கை நடந்தது. "சிக்காகோ சன்-டைம்ஸ்" பத்திரிகையின் சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு படத்துக்குப் போயிருந்தார். அங்கே விற்ற சோளப்பொரியில் உப்பு ஜாஸ்தி. தாகம் தாங்காமல் பாதியில் எழுந்து பீர் தேடி அந்தக் கடைக்குள் நுழைந்தார். உள்ளே பிரைன் பாடிக்கொண்டிருந்தார். மறுபடி சினிமாவைப் பற்றி எழுதுவானேன்? பாடும் தபால்காரரைப் பற்றியே எழுதிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

அடுத்தது ஒரு சிநேகிதரின் பெருந்தன்மை. ஸ்டீவ் குட்மன் என்ற பாடகரும் சிக்காகோக்காரர்தான். 1971-ல் பேர்பெற்ற பாடகர் கிறிஸ் கிறிஸ்டாபர்சன் குட்மனின் பாட்டைக் கேட்டுப் பாராட்டினார். வேறொருவராக இருந்தால் கிடைத்த சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு தன் காரியத்தைப் பார்த்திருப்பார். குட்மனோ, "என் சிநேகிதன் பாட்டைக் கேட்க வேண்டும்" என்று பிடிவாதமாக அவரை இன்னொரு கடைக்கு இழுத்துப் போனார். குட்மனுக்கு அப்போதே ரத்தப் புற்றுநோய். 1984-ல், 36-ஆவது வயதில் காலமானார்.

அவர்கள் போனபோது நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்தாகிவிட்டது. நாற்காலிகளை இறக்கிப் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். பாடி முடித்ததும் கிறிஸ்டாபர்சன் அத்தனையையும் மறுபடி பாடச் சொன்னார். பிறகு நியூயார்க்கில் தம் மேடையிலேயே ஏற்றிவிட்டார். சபையில் இருந்த அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் மறுநாளே ஒப்பந்தம் பேசினார்.

மெம்பிஸ் நகரில் ஒலிப்பதிவு. எல்விஸ் பிரெஸ்லிக்கு வாசித்த வித்வான்கள் பக்கவாத்தியம். தனியாகவே பாடிப் பழகிய பிரைனுக்கு உதறல்! தட்டின் உறையிலே அவரை வைக்கோல் கட்டுமேல் உட்கார்த்திப் படம் எடுத்தார்கள். அதற்குமுன் வைக்கோல் கட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று பின்னால் அவரே சொல்லிச் சிரிப்பார். கம்பெனிக்காரர்களுக்குக் கன்ட்ரி பாடகர் என்றால் வைக்கோல் வேண்டும் போலும்.

இருட்டில் கேட்ட தந்தை

பெற்றோர் பிறந்த கென்டக்கி வட்டாரத்தில் "பாரடைஸ்" என்று ஒரு சிற்றூர் இருந்தது. சொர்க்கம் என்று பொருள். பக்கத்தில் கிரீன் ரிவர் என்ற ஆறு. நிலக்கரிக்காகச் சுற்றிலும் மண்ணைப் பெயர்த்தெடுத்தார்கள். மின்சார நிலையம் வந்து சாம்பல் பொழிந்தது. 1967-ல் ஊரையே விலைக்கு வாங்கி இடித்துவிட்டார்கள்.

தகப்பனாருக்காக பிரைன் அந்த ஊரைப் பாட்டாக்கினார். பாட்டில் ஒரு நிலக்கரிக் கம்பெனியின் பெயரும் வருகிறது. கம்பெனி சும்மா இருக்கவில்லை. "அந்தப் பாட்டைப் பதிவு செய்த மின்சாரமே எங்கள் கரியிலிருந்து வந்திருக்கக்கூடும்" என்று அர்த்தப்பட ஒரு பிரசுரம் போட்டது! ஊர்தான் திரும்பவில்லை.

ஒலிப்பதிவு முடிந்ததும் பிரைன் ஒரு டேப் இயந்திரத்தை இரவல் வாங்கி வந்து தகப்பனாருக்குப் போட்டுக் காட்டினார். "பாரடைஸ்" பாட்டு வந்ததும் பெரியவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று மகன் கேட்டார். ஹோட்டலில் காசு போட்டால் பாடுமே, அந்த இசைப்பெட்டியிலிருந்து வருவதுபோல நினைத்துக்கொண்டு கேட்க ஆசை என்றார் தகப்பனார். இசைத்தட்டு கடைக்கு வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

தபாலில் வந்த பணம்

பெரிய கம்பெனிகளோடு பிரைனுக்கு ஒத்துவரவில்லை. 1980-களில் சொந்தமாக "ஓ பாய்" என்ற சிறு கம்பெனி தொடங்கினார். முதலுக்கு எங்கே போவது? ரசிகர்கள் அடுத்த இசைத்தட்டு உருவாகும் முன்பே அதற்கான பணத்தை அனுப்பிவிட்டார்கள். கேட்காத பாட்டுக்கு முன்பணம்! வீடு வீடாகத் தபால் கொடுத்தவருக்கு ஊர் ஊராகத் தபால் வந்தது.

1998-ல் கழுத்தில் புற்றுநோய். அறுவைக்குப் பின் குரல் தடித்து இறங்கிவிட்டது. ரசிகர்கள் அந்தக் குரலையும் கேட்டார்கள். 2018-ல் வந்த இசைத்தட்டு பட்டியலில் 5-ஆம் இடத்துக்கு ஏறியது. அவருக்கு அப்போது 71 வயது. முதல் தட்டின் பாட்டுகளைக் கேட்காமல் சபை அவரை விடுவதில்லை. கிழவர் பாட்டை இப்போது கிழவராகவே பாடினார்.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி நாஷ்வில் நகரத்து ஆஸ்பத்திரியில் கொரோனா நோயால் காலமானார். வயது 73. ஊரடங்குக் காலம், கூடி அழக்கூட வழியில்லை. தாம் இறந்தால் சாம்பலைக் கிரீன் ரிவரில் கரைக்க வேண்டும் என்று "பாரடைஸ்" பாட்டிலே இளம் வயதில் எழுதியிருந்தார். அதன்படியே பாதிச் சாம்பலை அந்த ஆற்றில் விட்டார்கள். மறு பாதியைச் சிக்காகோவில் பெற்றோர் பக்கத்தில் புதைத்தார்கள்.