நேரலை: யாருக்கு, எதற்கு?

நேரலைத் தளங்கள் வீடியோ கேம் ஆடும் இளைஞர்களுக்கானவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2007-இல் தொடங்கிய ஜஸ்டின் டிவி என்ற நேரலைத் தளத்தின் விளையாட்டுப் பகுதி, 2011-இல் ட்விட்ச் என்ற தனித் தளமாகி உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்த ட்விட்சிலேயே இன்று வெறும் பேச்சுக்கென உள்ள பிரிவுக்குப் பார்வையாளர்கள் ஏராளம்.

இந்தியாவில் கதையே வேறு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். நீதிமன்ற நேரலைக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் இசைவு தந்தது; அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் 2022 செப்டம்பர் 27 முதல் ஒளிபரப்பாயின.

அமராவதிபுதூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களுக்கு நேரலையின் பயன் இன்னும் நெருக்கமானது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்கள் திருமணத்தில் திருப்பூட்டுவதை, அதாவது தாலி கட்டுவதை, கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் வேரூன்றிய வழக்கம் இது.

யூடியூபில் போட்டால் ஊரே பார்க்கும் என்பது இன்னொரு தவறான எண்ணம். 'பட்டியலிடாதது' என்று அமைத்தால் தேடலில் வராது. இணைப்பு கிடைத்தவர் மட்டுமே காண முடியும். ஆனால் அந்த இணைப்பைப் பிறருக்கு அனுப்பினால் அவர்களும் பார்க்கலாம். நேரலை முடிந்தபின் பதிவு தளத்திலேயே தங்கும். வேண்டாதவர்கள் அதை நீக்கிவிடலாம்.