நீரின் இயற்கைச் சுழற்சி: கிளாஸுக்கு வெளியே உள்ள தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நீரின் சுழற்சியைப் படமாக வரையச் சொன்னால் மாணவர்கள் அழகாக வரைந்துவிடுவார்கள். கடல், சூரியன், மேகம், மழை, நான்கு அம்புக்குறி. ஆனால், "ஐஸ் மிலோ கிளாஸின் வெளிப்புறம் ஏன் ஈரமாகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே இருக்கிற தண்ணி கசிஞ்சு வந்துடுச்சு சார்" என்று பலர் சொல்வார்கள். படம் மனப்பாடமாகிவிட்டது, நிலை மாற்றம் புரியவில்லை. சோதனையில் புள்ளி போவது இங்கேதான்.

ஐந்து நிலை மாற்றங்கள்

1. உருகுதல்: திடம் திரவமாகும். வெப்பத்தைப் பெறும்.
2. கொதித்தல்: திரவம் வாயுவாகும். வெப்பத்தைப் பெறும். கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்.
3. ஆவியாதல்: இதுவும் திரவம் வாயுவாவதுதான், வெப்பத்தைப் பெறுவதுதான். ஆனால் நீரின் மேற்பரப்பில் மட்டும், எந்த வெப்பநிலையிலும் நடக்கும்.
4. ஆவி சுருங்குதல்: வாயு திரவமாகும். வெப்பத்தை இழக்கும்.
5. உறைதல்: திரவம் திடமாகும். வெப்பத்தை இழக்கும். நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும்.

மூன்று பெறும், இரண்டு இழக்கும். இதை நினைவில் வைத்தால் போதும்.

அடிக்கடி வரும் மூன்று குழப்பங்கள்

முதல் குழப்பம், அந்த ஐஸ் மிலோ. தண்ணீர் உள்ளிருந்து கசிந்திருந்தால் வெளியே உள்ள துளியும் பழுப்பு நிறமாகத்தானே இருக்க வேண்டும்? வெள்ளை டிஷ்யூவால் துடைத்துக் காட்டுங்கள், கறை இருக்காது. காற்றில் இருந்த நீராவி, குளிர்ந்த கிளாஸில் பட்டு, வெப்பத்தை இழந்து துளியானது. மூடிய குளிர்ந்த போத்தலை எலக்ட்ரானிக் தராசில் வைத்தால் எடை சற்றுக் கூடுவதையும் பார்க்கலாம். உள்ளிருந்து கசிந்திருந்தால் எடை கூடாது.

இரண்டாவது, கெட்டிலில் இருந்து வரும் வெள்ளைப் புகை. அது நீராவி என்று எழுதுகிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டில் வாய்க்கும் வெள்ளைப் புகைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது போல் ஓர் இடைவெளி தெரியும், நீராவி அங்கேதான் இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது ஆவி சுருங்கி உண்டான நுண்துளிகள். மேகமும் அப்படித்தான். கெந்திங் மலையில் நம்மைச் சூழும் பனிமூட்டம், தரையைத் தொடும் மேகமே.

மூன்றாவது, "100 டிகிரி வந்தால்தான் நீர் ஆவியாகும்" என்ற எண்ணம். அப்படியென்றால் கொடியில் போட்ட துணி காயவே காயாது!

நம் நாட்டில் இந்தச் சுழற்சி

காலை வெயிலில் மலாக்கா நீரிணையின் நீர் ஆவியாகிறது. காட்டு மரங்களின் இலைகளும் நீராவியை வெளியிடுகின்றன. ஈரக்காற்று மேலே எழும்பிக் குளிர்கிறது. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் வெப்பநிலை குறையும். நீராவி சுருங்கி, தூசி, உப்புத் துகள்களின் மீது நுண்துளிகளாகப் படிந்து மேகமாகிறது. துளிகள் சேர்ந்து கனமானதும், மாலையில் இடியோடு மழை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை, காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைக் கொண்டுவந்து கிளந்தான், திரங்கானுவில் கொட்டுகிறது.

கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கிவிடும். அதனால்தான் மழைநீர் உப்புக் கரிப்பதில்லை. பூமியின் நீரில் சுமார் 97 விழுக்காடு கடல்நீர். நமக்கு நன்னீர் தருவது இந்தச் சுழற்சியே.

"அப்படின்னா ஆத்துல குப்பை போட்டா என்ன, மழை புதுத் தண்ணி தருமே?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆற்றுநீர் கடலுக்குப் போய் ஆவியாகும் முன்பே நாம் அதை எடுத்துக் குடிக்கிறோம். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றுநீர் மாசடைந்ததால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் அதிகமான பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் தடைபட்டது. உயர்நிலைச் சிந்தனை வினாவுக்கு இது பொருத்தமான சூழல்.

விடை எழுதும் முறை

மூன்று விவரங்கள் இருக்க வேண்டும்: எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு, வெப்பம் பெற்றதா இழந்ததா, செயற்பாட்டின் பெயர்.

மாதிரி விடை: "காற்றிலுள்ள நீராவி, கிளாஸின் குளிர்ந்த மேற்பரப்பில் பட்டு, வெப்பத்தை இழந்து நீர்த்துளியாக மாறுகிறது. இது ஆவி சுருங்குதல்."

வகுப்பில் செய்து பார்க்க

ஒரே அளவுள்ள இரண்டு கைக்குட்டைகளைச் சம அளவு நீரில் நனையுங்கள். ஒன்றை விரித்தும் மற்றொன்றை மடித்தும் ஒரே இடத்தில் வையுங்கள்.

தற்சார்பு மாறி: காற்றுப்படும் பரப்பளவு.
சார்பு மாறி: காய எடுக்கும் நேரம்.
கட்டுப்படுத்தப்பட்ட மாறி: நீரின் அளவு, துணியின் வகை, வைக்கும் இடம்.

கருதுகோளை மாணவர்களே எழுதட்டும்: பரப்பளவு அதிகரித்தால் காய எடுக்கும் நேரம் குறையும். முடிவைப் பார்த்த பிறகு, வெயில், காற்று என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.