நோய் விட்டது, தாள் விடவில்லை!

“காய்ச்சல் இருக்கிறதா?”

“இல்லை.”

“இருமல்?”

“அதுவும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பு இருந்தது. மருத்துவர் பார்த்தார்; மருந்து கொடுத்தார்; நலமாகிவிட்டாய், வேலைக்குப் போகலாம் என்றார்.”

“மருத்துவர் சொன்னது கிடக்கட்டும். தாள் என்ன சொல்கிறது?”

“தாள்... நோய் உண்டு என்கிறது.”

“அப்படியானால் ஒதுங்கி நில்! அடுத்த ஆள் வரலாம்!”

மேடை நாடகத்துக்காக நாம் எழுதிய காட்சி அன்று இது. சொற்கள் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில், வளைகுடா நாடுகளுக்குச் செல்ல விமான நிலையத்தில் பெட்டியோடு நின்ற உழைப்பாளிகள் பலர் கண்ட காட்சி இதுதான்.

பொங்கலுக்கு ஊர் வந்தவர். பிள்ளைக்குச் சட்டையும், மனைவிக்குச் சேலையும், கடன்காரருக்கு வட்டியும் கொண்டு வந்தவர். வந்த இடத்தில் கொரோனா பிடித்தது. தனி அறையில் கிடந்தார்; கஞ்சி குடித்தார்; காய்ச்சல் தணிந்தது; எழுந்தார். விடுப்பு முடிகிற நாள் நெருங்கியது. துபாயில் முதலாளி காத்திருக்கிறார். காத்திருக்கிறார் என்றால், பாசத்தோடு அன்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு!

அன்றைய விதி என்ன? பயணத்துக்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையில் நோய் இல்லை என்ற தாள் வேண்டும். அது போதாதென்று, விமானம் புறப்படுவதற்கு ஆறு மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே இன்னொரு விரைவுச் சோதனை. அதற்கும் ஆயிரக்கணக்கில் பணம். முதல் சோதனையில் “இல்லை” என்று வாங்கி வந்தவருக்கு, விமான நிலையச் சோதனை “உண்டு” என்று சொன்னதும் உண்டு. பிறகென்ன? வழியனுப்ப வந்த வண்டியிலேயே வீடு திரும்ப வேண்டியதுதான்.

தோழர்களே! அறிவியலை ஏசுவதற்காக நாம் இதை எழுதவில்லை. மாட்டு மூத்திரம் குடித்தால் கிருமி ஓடும் என்று கூட்டம் போட்டவர்களும் இருந்த நாடு இது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். ஊசி போட்டுக்கொள் என்றோம். முகத்தை மூடு என்றோம். சோதனை செய்துகொள் என்றோம். நமது வழக்கு சோதனையின்மீது அன்று. சோதனை சொல்வது ஒன்று, அதிகாரம் அதற்குச் சொன்ன பொருள் வேறொன்று என்பதுதான் வழக்கு.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுக்கிறார்கள். அதில் கிருமியின் மரபுப்பொருள் துளியளவு இருந்தாலும், இயந்திரம் அதைப் படியெடுத்துப் பெருக்குகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படி முப்பது சுற்று போனால் ஒன்று 107 கோடியைத் தாண்டிவிடும். 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி முல்லிசு என்பவர் கண்ட முறை இது. 1993இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த முறை. போற்றுகிறோம்.

ஆனால், அந்த இயந்திரத்துக்கு ஒன்று தெரியாது. பெருக்கிக் காட்டிய துண்டு உயிருள்ள கிருமியினுடையதா, செத்த கிருமியின் மிச்சமா என்று அதனால் சொல்ல முடியாது. நோய் தீர்ந்து, பிறருக்குத் தொற்றும் காலமும் கடந்த பிறகு, சிலருக்கு வாரக்கணக்கில், ஏன், மூன்று மாதம் வரையில்கூட அந்த மிச்சம் மூக்கில் ஒட்டியிருக்கும். வீடு பற்றி எரிந்தது. ஊர் கூடி அணைத்தது. மறுநாள் வந்த அதிகாரி சாம்பலைத் தொட்டுப் பார்த்து, “தீ எரிகிறது, யாரும் உள்ளே போகாதே” என்று கட்டளையிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது!

இது பின்னாளில் வந்த ஞானம் என்று யாரேனும் சொல்வார்களோ? சொல்ல முடியாது. நாள் குறிப்பைப் பாருங்கள்.

2020 மே 27: நோய்க்குறி தோன்றிப் பத்து நாள் ஆகி, அதன்பின் மூன்று நாளாவது நோய்க்குறி இல்லாமல் இருந்தால், மறுசோதனை இன்றியே தனிமையிலிருந்து விடுவிக்கலாம் என்று அறிவித்தது உலக சுகாதார நிறுவனம்.

2021 மே 4: ஒருமுறை நோய் உண்டு என்று வந்தவருக்கு மீண்டும் ஆர்.டி.பி.சி.ஆர். செய்யாதீர் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்.

2022 சனவரி 5: வீட்டுத் தனிமையில் ஏழு நாள் முடிந்து, கடைசி மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லையென்றால் வெளியே வரலாம், மறுசோதனை தேவையில்லை என்றது இந்திய அரசின் சுகாதாரத் துறை.

ஆக, வீட்டு வாசலில் நலம் பெற்றவர். விமான நிலைய வாசலில் நோயாளி! கடைத்தெருவுக்குப் போகலாம், பேருந்தில் ஏறலாம், பட்டறையில் நின்று சம்மட்டி அடிக்கலாம். ஆனால் பிழைப்பு இருக்கும் ஊருக்குப் போகக் கூடாது! ஒரே ஆள், ஒரே உடல், ஒரே நாள். தீர்ப்பு மட்டும் இரண்டு.

வழி இல்லாமலா இந்த நிலை? வழி இருந்தது. 2021 சனவரி 26 முதல் அமெரிக்காவுக்கு விமானத்தில் வருவோர் நோயில்லை என்ற தாள் காட்ட வேண்டும் என்று விதித்தபோதே, அந்நாடு ஒரு மாற்று வழியும் வைத்தது. கடந்த 90 நாளுக்குள் நோய் வந்ததற்கான சோதனைத் தாளும், இவர் நலம் பெற்றார், பயணம் செய்யலாம் என்ற மருத்துவரின் கடிதமும் காட்டினால் போதும். ஐரோப்பிய ஒன்றியமும் 2021 சூலை 1 முதல், நலம் பெற்றவருக்கென்றே ஒரு சான்று வைத்தது. நோய் உறுதியான பதினொன்றாம் நாள் முதல் 180 நாள் வரை அது செல்லும். அடுத்த நாளே, சூலை 2ஆம் நாள், ஆறு மாதத்துக்குள் நோய் வந்து தீர்ந்தவருக்குச் சோதனையையும் தனிமையையும் விலக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் நாடுகளுக்கு எடுத்துச் சொன்னது.

நியூயார்க்குக்குப் போகும் கனவானுக்கு இருந்த கதவு, துபாய்க்குப் போகும் கம்பி கட்டுகிறவருக்கு இல்லை. கனவானுக்குக் கதவு மூடினாலும் கவலை இல்லை. வீட்டிலிருந்தே கணினியைத் தட்டிச் சம்பளம் வாங்குவார். கம்பி கட்டுகிறவர் வீட்டிலிருந்து எதைக் கட்டுவார்? வயிற்றைத்தான் கட்ட வேண்டும்!

பிறகு என்ன நடந்தது? 2022 பிப்ரவரி 26 முதல் ஐக்கிய அரபு அமீரகம் விதியை மாற்றியது. ஊசி போட்டவருக்குச் சோதனை வேண்டாம். ஊசி போடாதவர் 48 மணி நேரச் சோதனைத் தாளையோ, முப்பது நாளுக்குள் நோய் தீர்ந்ததற்கான சான்றையோ காட்டினால் போதும் என்றது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: பிப்ரவரிக் கடைசியில் செல்லுபடியான சான்று, சனவரியில் ஏன் செல்லவில்லை? இடையில் கிருமி திருந்திவிட்டதா? இல்லை. அதிகாரம்தான் மெல்லத் திருந்தியது. அது திருந்தும் வரையில் பயணச்சீட்டை இழந்தவர், சோதனைக்கு மேல் சோதனைக்குப் பணம் கட்டியவர், வேலையையே பறிகொடுத்தவர் — இவர்களின் கணக்கை எந்த ஏட்டில் எழுதினார்கள்?

“நோயோடு ஒருவர் ஏறினால் விமானத்தில் இருப்போர் கதி என்ன?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. காய்ச்சல் தணியாதவர், தனிமை நாள் முடியாதவர் ஏறக் கூடாது. நாமே தடுப்போம். அருகில் அமர்பவரும் நம்மைப் போன்ற உழைப்பாளிதானே! நாம் கேட்பது அவருக்காக அன்று. தனிமை நாளை முழுதும் கழித்து, மருத்துவர் வாயால் நலம் என்று சொல்லப்பட்டவருக்காக.

கடல் கடக்கும் தமிழன் வாசலில் நிறுத்தப்படுவது இது முதல் முறையும் அன்று. இராமநாதபுரம் சீமையிலே மண்டபம் முகாம் என்ற பெயரைக் கேட்டிராத முதியவர் உண்டா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற நம் மக்களை அங்கேதான் நிறுத்தினார்கள், அம்மை குத்தினார்கள், நாள் எண்ணிக் காவலில் வைத்தார்கள், பிறகே கப்பல் ஏற்றினார்கள். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவரை ஜெரெஜாக் தீவும் செயின்ட் ஜான்ஸ் தீவும் வரவேற்றன. கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்த தொழிலாளி தீவிலே அடைபட்டார். தனி அறை எடுத்து வந்த துரைமார் பெரும்பாலும் நேரே ஊருக்குள் போனார்கள். காலராக் கிருமி பயணச்சீட்டைப் பார்த்தா தொற்றும்? அன்று கேட்க ஆளில்லை.

இன்று சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு திருத்தி எழுதிய சர்வதேச சுகாதார விதிகளில் 40ஆம் பிரிவைப் படியுங்கள். வருகிற பயணியின் உடல்நிலையை அறிய ஒரு நாடு செய்யும் பரிசோதனைக்குப் பயணியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆகா, என்ன தாராளம் என்று கைதட்டும் முன், அதன் முதல் வரியைப் பாருங்கள்: தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியிருக்க வருகிறவர் நீங்கலாக! கடற்கரை காண வருகிற சுற்றுலாக்காரருக்கு இலவசம். அந்தக் கடற்கரையில் மாளிகை கட்ட வருகிற கொத்தனாரிடம் பணம் வாங்கலாம்!

“கொரோனா போயிற்று; பழங்கதை எதற்கு?” என்பார்கள். ஆம், உலகளாவிய அவசர நிலை முடிந்தது என்று 2023 மே 5ஆம் நாள் அறிவித்தார்கள். ஆனால் அடுத்த கொள்ளைநோய் வராது என்று எழுதிக் கொடுத்தவர் எவரும் இல்லை. அதனால்தான் உலக நாடுகள் 2024இல் சுகாதார விதிகளைத் திருத்தின. 2025 மே மாதம் கொள்ளைநோய் ஒப்பந்தம் ஒன்றையும் ஏற்றன. விதி எழுதும் காலம் இது. எழுதி முடித்த பிறகு அழுது பயனில்லை.

ஆகவே, சென்னையில் ஆள்வோரையும் டெல்லியில் ஆள்வோரையும் நாம் கேட்கிறோம்:

ஒன்று: நோய் தீர்ந்தவருக்கு அரசு மருத்துவர் தரும் நலச்சான்று, நம் மக்கள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாட்டிலும் செல்லும்படி இப்போதே உடன்படிக்கை செய்யுங்கள். நோய் வந்த பிறகு தூது அனுப்பாதீர்கள்.

இரண்டு: வேலைக்குச் செல்பவரின் சோதனைச் செலவு அவர் தலையில் விழக் கூடாது. உழைப்பை வாங்குகிற முதலாளியோ, சோதனை கேட்கிற அரசோ ஏற்கட்டும்.

மூன்று: சோதனையால் நின்றவருடைய பயணச்சீட்டு அபராதமின்றி மறுநாளுக்கு மாற வேண்டும், அவர் வேலையும் விசாவும் அதுவரை காக்கப்பட வேண்டும்.

பெரிய கோரிக்கைகளா இவை? அரண்மனை கேட்கவில்லை. நலம் பெற்றவனை நலம் பெற்றவன் என்று ஒப்புக்கொள்ளக் கேட்கிறோம்.

தோழர்களே! உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், அன்று பெட்டியோடு போய்ப் பெட்டியோடு திரும்பியவர். அவரைக் கிளைக் கழகக் கூட்டத்துக்கு அழையுங்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள், எழுதி வாங்குங்கள், நாடாளுமன்ற உறுப்பினரின் மேசைக்கு அனுப்புங்கள். கிருமியை வெல்ல ஊசி கண்டார்கள். அதிகாரத்தின் மறதியை வெல்ல ஊசி இல்லை. அதற்கு மருந்து, மக்கள் மறக்காமல் இருப்பதுதான்!