திரும்பி வரும் நேரத்தை முதலில் குறியுங்கள்

"டீச்சர், திருவக்கரை எத்தனை கிலோமீட்டர்?" என்னோடு சைக்கிளில் வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய முப்பது. ஆனால் திட்டத்தைத் தூரத்தில் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. வீட்டுக்கு எத்தனை மணிக்குள் வந்தாக வேண்டும்? அதைக் குறித்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

கோடையில் நண்பகலை ஒட்டி இங்கே கடல்காற்று எழும். மேற்கே போய்விட்டுக் கிழக்கே திரும்புகிறவருக்கு அது நேரே முகத்தில் அடிக்கும். உச்சி வெயிலும் எதிர்காற்றும் சேர்ந்தால் நன்றாக மிதிக்கிற பிள்ளையும் துவண்டுவிடும். அதனால் இந்தப் பயணத்தை மார்கழி, தையில்தான் வைத்துக்கொள்கிறேன். விடியும்போது கிளம்பினால் ஒரு மணிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

ஊசுட்டேரிக் கரையோரம் முதல் ஓய்வு. வலசை வரும் பறவைகளுக்கு அதுதான் பருவம். புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டுக்கும் பொதுவான ஏரி இது. பிறகு சேதராப்பட்டு. அங்கே தொழிற்பேட்டை லாரிகள் ஓடத் தொடங்குவதற்குள் தாண்டிவிட வேண்டும். மயிலம் சாலையைப் பிடித்ததும் ஒற்றை வரிசை; வேகம் குறைந்தவர் முன்னால், பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் வைத்திருப்பவர் கடைசியில். பஞ்சரானவர் பின்தங்குவார், பம்ப் முன்னால் போய்விட்டால் அதனால் என்ன பயன்?

திருவக்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை பாதுகாக்கும் தேசியக் கல்மரப் பூங்கா அங்கே இருக்கிறது. செம்மண் மேட்டில் அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. தொட்டால் கல். குனிந்து பார்த்தால் ஆண்டு வளையங்களும் கணுக்களும் அப்படியே தெரிகின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள் இவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து படிந்து, வடிவம் கெடாமல் கல்லாக்கிவிட்டது. கிளையோ இலையோ வேரோ காண முடியாது. எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த மரங்கள் என்பதற்கு அதையே அடையாளமாகச் சொல்கிறார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-லேயே இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது. பிள்ளைகளின் பைகளை நானே பார்த்துவிடுவேன். பூங்கா திறக்கும் நேரத்தை முதல் நாளே விசாரித்துவிடுங்கள். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் பக்கத்திலேயே சந்திரமௌலீஸ்வரர் கோயில் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமியில் வக்கிரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் சைக்கிள் நுழையாது.

காட்டுப் பாதைகள் இதைவிடக் கண்டிப்பானவை. முக்குருத்தி போன்ற தேசியப் பூங்காவுக்குள் நாமாக நடந்தோ மிதித்தோ நுழைய முடியாது; 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, மேல்நோக்கிப் பாயும் தீ: அங்கே ஓடித் தப்ப வழி கிடையாது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு செய்யலாம். உள்ளூர்க்காரர்களே வழிகாட்டியாகக் கூட வருகிறார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். வீறாப்புக்காகக் கடினத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவரால் எது முடியுமோ அதுவே குழுவுக்கான பாதை. தீ பிடிக்கும் காலத்தில், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகளை மூடிவிடுகிறார்கள். பள்ளித் தேர்வு முடிந்து போகலாமா என்று பெற்றோர் கேட்கும்போது இந்தத் தேதிகளைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அடுத்து எங்கள் எண்ணம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள். கற்கால மனிதர்கள் தங்கிய இடம் அது. பிள்ளைகள் வீட்டில் கொடுக்க வேண்டிய தாளை இப்போதே எழுத வைத்துவிட்டேன்: போகும் வழி, கூட வருகிறவர்களின் போன் எண்கள், வழக்கமாகப் போடும் மருந்து, எத்தனை மணி தாண்டினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்.