குடற்புண்ணுக்கும் உண்டு மதிப்பெண்

மலத்தோடு இரத்தம் போனால் 'உடற்சூடு' என்றும் 'மூலம்' என்றும் கூறி, மோரும் இளநீரும் அருந்தி நாளைக் கடத்துவோர் தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டங்களில் இன்றும் உளர். பல வேளைகளில் அது மூலமாகவே இருக்கலாம். ஆயின், இரத்தமும் சளியும் கலந்த பேதி வாரக்கணக்கில் நீடித்தால், பெருங்குடலின் உட்சுவர் சிவந்து புண்ணாகும் நாட்பட்ட அழற்சியாகவும் அது இருத்தல் கூடும்.

இந்நோய் நமக்குத் தொலைவில் இல்லை. நமது பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பெற்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, குடல் அழற்சி நோய்கள் ஓர் இலட்சம் மலாய்க்காரரிலும் சீனரிலும் ஏறத்தாழ 7 பேருக்கு இருக்க, இந்தியரில் ஏறத்தாழ 25 பேருக்கு இருப்பதைக் காட்டியது.

நோயை அறிய, நுனியில் விளக்கும் படக்கருவியும் பொருத்திய வளையும் குழாயை மருத்துவர் ஆசனவாய் வழியே செலுத்திப் பார்க்கிறார். கண்டதைக் 'கொஞ்சம் புண்' என்று எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு பார்க்கும் வேறொரு மருத்துவருக்கு அது என்ன சொல்லும்? அதனாலேயே மதிப்பெண் வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தார் 1987இல் வெளியிட்ட அளவையே பெரிதும் வழங்குகிறது. நலமான குடற்சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இலை நரம்பு போல் தெளிவாகத் தெரியும்; அதற்கு 0. சுவர் சிவந்து நரம்புகள் மங்கினால் 1. நரம்புகள் மறைந்து, பட்டாலே இரத்தம் கசிந்து, மேற்புண்களும் காணப்பட்டால் 2. தானாகவே இரத்தம் வடிந்து, புண்ணும் ஆழ்ந்திருந்தால் 3. சுழியம் வாங்கினால் மகிழத்தக்க தேர்வு இது ஒன்றுதான் போலும்! மருத்துவருக்கு மருத்துவர் கணிப்பு வேறுபடாதிருக்க, நரம்பு, இரத்தக் கசிவு, புண் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே எண் தந்து 8 வரை கூட்டும் அளவை 2012இல் வந்தது. குரோன் நோய் குடலை விட்டுவிட்டுத் தாக்குவதால் அதற்கு அளவை வேறு.

மருந்து உண்ட சில வாரங்களில் பேதி நின்றுவிடுகிறது. மனிதர் மரம் சீவப் புறப்பட்டுவிடுகிறார், மாத்திரையும் நின்றுபோகிறது. இங்கேதான் ஆபத்து. பாலின் எடையை மட்டும் பார்த்தால் போதாது, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். நீர் மிகுந்த பாலும் எடை காட்டுமன்றோ? அதுபோல, நோயாளி நலமாக நடமாடும்போதும் உள்ளே மதிப்பெண் 2 ஆகவே இருக்கக்கூடும். ஆறாத குடலில் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால் பெருங்குடற் புற்றுநோயின் அபாயமும் கூடும். மருந்தைத் தொடர்வதா, கூட்டுவதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய இந்த எண் துணை நிற்கிறது.

சோதனைக்கு முன் குடலைத் தூய்மையாக்கும் மருந்து தருவர், சற்றுத் தொல்லைதான். மயக்க ஊசி போடுவராதலின் மோட்டார் சைக்கிளில் தனியே செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். முடிந்ததும் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்டு, தேதியுடன் மருத்துவமனை அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த சோதனையின்போது அதனை மறவாமல் கொண்டு செல்லுங்கள்.