உங்களுக்குத் தெரியுமா? வெட்டிப் போட்ட கிளையும் கன்றுதான்!

மின்கம்பிக்காகத் தெருவில் வெட்டித் தள்ளிய கிளைகளைக் குப்பை வண்டி வருமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். முருங்கை, பூவரசு, ஆல், கிளுவை ஆகியவற்றின் முற்றிய கிளை விதையே இல்லாமல் வேர்விடும். நடுவதற்கென நறுக்கிய துண்டுக்குக் கிராமத்தில் 'போத்து' என்று பெயர். முருங்கைக்கு மூன்றடிப் போத்து போதும். மேல்நுனியில் ஓர் உருண்டை சாணி அப்பினால் ஈரம் சீக்கிரம் வற்றாது. தலைகீழாக மட்டும் நட்டுவிடாதீர்கள், அவசரத்தில் நடப்பதுதான்! காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றியுள்ள கிளுவை வேலி இப்படிப் போத்து நட்டு வளர்த்ததே.

சுவர் வெடிப்பில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றையும் பிடுங்கி எறிய வேண்டாம். வேர் அறுபடாமல் எடுத்து, சில வாரம் நிழலில் தொட்டியில் தேற்றி, வீட்டுக்குத் தள்ளி ஏரிக்கரையில் நடலாம்.